ஜெராக்ஸ் கடையில் திக்கிய ஏழு மாதங்கள்

பழைய சாங்வியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில், வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, வராத வார்த்தைக்காகக் காத்திருப்பவள்போல் நின்றேன். வெயில் ஏறிய நேரம். உள்ளேயிருந்து சூடான காகித வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் ஆதார் அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் இருந்தார்கள்.

நான் மராட்டியில் சொல்ல வேண்டியது "பாச் காப்பி", அதாவது ஐந்து பிரதி. அதில் முதல் எழுத்திலேயே வேண்டுமென்றே நின்றேன். உதடுகளை ஒட்டவைத்தேன், கண்களை இறுக்கினேன், தாடையைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன். வகுப்பில் கற்ற பாடத்தில் ஒரு வரியைக்கூட விடவில்லை.

எனக்குத் திக்குவாய் கிடையாது. எனக்கு இருக்கும் குறை அதற்கு நேர் எதிரானது என்று அம்மா எல்லா உறவினரிடமும் சொல்லியிருக்கிறாள்.

கடைக்காரர் பெயர் சந்தோஷ். முப்பது வயதிருக்கும். அந்தத் தெருவில் அவருக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர். யாரிடமும் பேசமாட்டார். எப்போதும் வாயில் ஒரு பேனா. எதைக் கேட்டாலும் சுவரில் மாட்டியிருக்கும் விலைப் பலகையை விரலால் காட்டுவார். அன்றைக்கு அவர் பேனாவை வாயிலிருந்து எடுத்தார். நான் 'பாச்' என்று சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"க... க... க... கலரா, ப்ளாக்கா?"

என் கையிலிருந்த நோட்ஸ் மொத்தமும் கீழே விழுந்தது.

பேச்சுக்கு ஒரு பட்டமா?

நான் படித்தது பேச்சு, கேட்டல் சிகிச்சைக்கான நான்கு வருடப் பட்டப்படிப்பு. கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையில் பயிற்சி. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஐந்து வருடம் ஆனது. பாளையங்கோட்டைச் சித்தப்பா நான் பட்டிமன்றத்துக்குப் படிப்பதாகவே கடைசிவரை நம்பினார். பெரியத்தை ஒருபடி மேலே போய், "இவளுக்குப் போயி பேச்சு கத்துக் குடுக்கானுவளாமே, இருக்கது பத்தாதா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

படிப்பும் பார்ப்பதற்கு அப்படியொன்றும் கௌரவமாக இல்லை. முதல் வருடத்தில் குரல்வளை பாடம் வந்தபோது நாங்கள் எட்டுப் பெண்கள் பேருந்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு "ஆ... ஈ... ஊ..." என்று சொல்லிப் பார்ப்போம். முன்வரிசை இரண்டும் தானாகக் காலியாகிவிடும். எங்களுக்குக் கால் நீட்ட வசதியாக இருந்தது.

விழுங்குதல் பாடம் வந்தபோது வீடு பட்டபாடு தனி. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர் புரையேறும் என்பதால், தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கப் பழகினோம். கரண்டியைச் சரித்தால் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வருட ஈஸ்டருக்கு அம்மா செய்த பாயசத்தைக் கரண்டியில் எடுத்து அதேபோல் சரித்துப் பார்த்து, "இது நோயாளிக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னேன். அப்பா கசார்வாடியில் ஒரு லேத் பட்டறையில் மேற்பார்வையாளர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவரே, "படிப்ப காலேஜோட நிறுத்திக்கோ" என்றார்.

பத்து அந்நியர்கள்

மூன்றாம் வருடம் திக்குவாய்ப் பாடம். நடத்தியவர் கேல்கர் மேடம். ஒல்லியான உடம்பு, பருத்திப் புடவை, மனிதர்களை ஊடுருவிப் பார்க்கும் கண்ணாடி. முதல் நாளே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். தெரியாத பத்துப் பேரிடம் போய்த் திக்கிப் பேச வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள், உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"ஒரே ஒரு விதி," என்றார் மேடம். "நடிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அந்த நிமிஷமே நீங்க தப்பிச்சு வெளியே வந்துடுவீங்க. நம்மகிட்ட வர்றவங்களுக்கு அந்த வசதி கிடையாது."

அதனால் பாடத்தைத் தெரியாத இடத்தில் செய்வதுதான் வழக்கம். என் தோழிகள் ஊரின் மறுகோடிக்குப் போனார்கள். நானும் ஒன்பது பேரை ஒழுங்காகவே முடித்தேன். மகர்பட்டாவில் வழி கேட்டபோது கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஐ.டி. பையன் ஒருவன், இரண்டு நொடி பொறுத்துவிட்டு, தட்டச்சுச் செய்யச் சொல்லி செல்போனை என்னிடம் நீட்டினான். பேருந்தில் "கசார்வாடி" என்பதன் முதல் எழுத்திலேயே நின்றபோது கண்டக்டர், "கட்கியா? கத்ரஜா? கோத்ரூடா?" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். பிறகு பேருந்தே சேர்ந்துகொண்டது. மூன்றாவது வரிசைப் பெரியவர் ஒருவர் சரியாகச் சொன்னதும் அவரைச் சுற்றியிருந்தவர்கள் பாராட்டினார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் கொஞ்சம் அழுதேன். நடித்ததற்கே அப்படி இருந்தது.

பத்தாவது ஆளுக்கு எங்கேயும் போகச் சோம்பலாக இருந்தது. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். வீட்டிலிருந்து நான்கு நிமிட நடையில் ஜெராக்ஸ் கடை. எப்படியும் அந்த ஆள் பேசமாட்டார், பலகையைத்தான் காட்டுவார் என்று போனேன்.

நோட்ஸ், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் என்ற மூன்றை வைத்துப் பட்டம் வாங்கும் ஒருத்தி, அடுத்த ஒன்றரை வருடத்துக்கு வாரம் இரண்டு முறை போயாக வேண்டிய கடையில் திக்கினால் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

மாட்டிக்கொண்டேன்

அடுத்த முறை போனபோது சந்தோஷ் என்னைப் பார்த்ததும் பேனாவை எடுத்து வைத்தார். "வாங்க தாயி" என்றார், முதல் எழுத்தில் மூன்று முறை முட்டி. மராட்டியில் தாயி என்றால் அக்கா, என்னைவிட ஒன்பது பத்து வயது மூத்தவரும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சரளமாகப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. திக்கினேன்.

அதற்கடுத்த முறையும் திக்கினேன். மழைக்காலம் வந்து போனது. இரண்டு பக்கம் நகலெடுக்க நான் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். பின்னால் நிற்பவர்கள் இரண்டு திக்குவாய்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

ஆனால் அவர் பேசினார். திமிர் பிடித்தவர் என்று ஊர் முடிவு கட்டியிருந்த மனிதர், கிரிக்கெட்டைப் பற்றி, இயந்திரத்தின் டிரம் மாற்றுவதைப் பற்றி, மழையில் நனைந்து வந்த காகிதக் கட்டைப் பற்றி என்னிடம் வாய் ஓயாமல் பேசினார். பேனாவும் விலைப் பலகையும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள், "உங்களுக்கு எப்படி வெட்கமே இல்லை, தாயி? எல்லார் முன்னாலயும் தைரியமா திக்கறீங்களே" என்று கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. இயந்திரத்தின் சூடு என்று காட்டிக்கொண்டு துப்பட்டாவால் விசிறிக்கொண்டேன்.

எங்கள் கல்லூரி மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு என்று திக்கித் திக்கிச் சொல்லிப் பார்த்தேன். அவர் கையை உதறினார். "டாக்டர்களுக்கு என்ன தெரியும்? அவங்களுக்கு இது இருக்கா? உங்களுக்கு இருக்கு. நீங்க சொன்னா கேக்கறேன்."

அம்மா கடைக்கு வந்த கதை

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் அம்மாவும் கூட வந்துவிட்டாள். அவளுக்கு ரேஷன் கார்டு நகல் வேண்டும். வராதே என்று எவ்வளவோ சொன்னேன்.

நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, வாயில என்னத்த வச்சிருக்க? துப்பிட்டுப் பேசு."

"சும்மா இரும்மா. இது காலேஜ் வேல. வீட்ல போயி சொல்லுதேன்."

"கடைக்காரன் முன்னால நடிக்கதுதான் காலேஜ் வேலயா? ஒங்கப்பா கட்டுத பீஸு இதுக்குத்தானா? சின்னப் பிள்ளையில கூட நீ இப்பிடி இழுக்கலியே."

நான் விடுவேனா. அம்மா முந்தின நாள் என் ரெகார்டு நோட்டின் மேல் குழம்புச் சட்டியை வைத்ததிலிருந்து எடுத்து ஒரு பிடி பிடித்தேன். ஐந்து நிமிடம் இருவரும் மூச்சு விடாமல் சண்டை போட்டோம். திரும்பினால் சந்தோஷ் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்கள் விரிந்திருந்தன.

தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ மெதுவாக எழுந்து வந்து, "தாயி, உங்க பாஷையில திக்கவே திக்காதா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டிவிட்டேன். ஆமா என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

"அப்படின்னா எனக்குத் தமிழ் சொல்லிக் குடுங்க. தை மாசம் எனக்குக் கல்யாணம்."

மூன்று தட்டு போஹா

அவருக்குக் கசார்வாடியில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பெயர் பல்லவி. இந்தப் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் வெங்காயம் போட்ட அவல் உப்புமா கொடுப்பார்கள், நம் ஊர் கேசரி பஜ்ஜி மாதிரி. போஹா என்பார்கள். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லை என்று சந்தோஷ் மூன்று தட்டு சாப்பிட்டிருக்கிறார். பெண் வீட்டில் மாப்பிள்ளை அடக்கமானவர், நல்ல பசிக்காரர் என்று முடிவு செய்துவிட்டார்கள். நிச்சயத்துக்குப் பிறகும் வாட்ஸப் செய்திதான். பல்லவிக்கு அவர் திக்குவது தெரியாது.

ஆனால் மராட்டிக் கல்யாணத்தில் ஒரு சடங்கு உண்டு. உகாணா என்று பெயர். எதுகை வைத்த இரண்டு வரியில் துணையின் பெயரைச் சேர்த்து எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். பெண்கள் சுற்றி நின்றுகொண்டு "நாவ் க்யா, நாவ் க்யா" என்று, பெயரைச் சொல்லச் சொல்லி, விடாமல் நச்சரிப்பார்கள். திக்குகிறவர்கள் முட்டும் வார்த்தையைத் தவிர்த்து வேறொரு வார்த்தைக்குத் தாவிவிடுவதில் சமர்த்தர்கள். பல்லவிக்குப் பதில் வேறு எந்த வார்த்தைக்குத் தாவுவது?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு பள்ளியில் ஆசிரியை. சர்ச் மாத இதழில் கவிதை எழுதுகிறவள். பொய் சொன்னதற்காக என்னை ஒரு நாள் முழுக்கத் திட்டிவிட்டு, மறுநாள் நெல்லைப் பேச்சில் இரண்டு வரி எழுதிக் கையில் கொடுத்தாள்.

*மல்லிப்பூ மணக்குது மண்டபத்தில்*
*பல்லவி நிக்கா என் பக்கத்தில்*

"அவருக்குப் 'ப'தான் ரொம்ப முட்டும்மா. பேர வரியோட ஆரம்பத்துல வைக்காத. நடுவுல தள்ளு."

"மல்லிக்குப் பல்லவிதாம்ட்டி எதுகை. அதத் தள்ளுனா கவிதையா இருக்காது, பஸ் டிக்கெட்டாத்தான் இருக்கும்."

ஆக நான் கடை வாசலில் நின்று அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். கூடவே, நானே அப்படித்தான் சமாளிப்பதாகச் சொல்லி, உதட்டைத் தளரவிட்டு முதல் ஒலியை இழுத்துச் சொல்லும் பயிற்சியையும் கொடுத்தேன். முதல் வரியை இரண்டே வாரத்தில் நெல்லைக்காரர் மாதிரி சொன்னார். இரண்டாவது வரியில் பெயர் வந்ததும் நின்றார். எந்த மொழியில் வைத்தாலும் அந்தப் பெயர் அந்தப் பெயராகவே இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அழைப்பிதழைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "தாயி, நீங்க மேடையில பக்கத்துல நில்லுங்க. நான் மாட்டிக்கிட்டா மைக்க உங்ககிட்ட தரேன். நீங்களும் மாட்டிக்கங்க. ரெண்டு பேரா நின்னா பயமா இருக்காது."

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. அழைப்பிதழை மேசையில் வைத்தேன். ஏழு மாதத்தில் முதல் முறையாக அவரிடம் ஓர் இடத்தில்கூட நிற்காமல் மராட்டியில் பேசினேன். எனக்குத் திக்குவாய் இல்லை, அது கல்லூரி வீட்டுப்பாடம், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், என்னை மன்னித்துவிடுங்கள். பதினைந்து நொடிகூட ஆகவில்லை.

சந்தோஷ் நான் கொடுத்த தாள்களை வாங்கி நகலெடுத்தார். ஓரம் தட்டி அடுக்கினார். பிறகு பேனாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, விலைப் பலகையை விரலால் காட்டினார்.

நாவ் க்யா

நான் போக மாட்டேன் என்றேன். அம்மாதான் விடவில்லை. "பத்திரிகை திருப்பிக் கேட்டானா? கேக்கலல்லா? அப்பம் கெளம்பு. என் கவிதை அரங்கேறுது."

கசார்வாடி மண்டபத்தில் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அட்சதை தூவி முடித்ததும் பெண்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். பல்லவி தன் உகாணாவைச் சளசளவென்று சொல்லி முடித்து மைக்கை அவரிடம் கொடுத்தாள். நாவ் க்யா, நாவ் க்யா.

சந்தோஷ் மைக்கைப் பிடித்தார். "மல்லிப்பூ மணக்குது மண்டபத்தில்" என்றார், துல்லியமாக.

எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் இது என்ன மந்திரம் என்று கேட்டார். அவர் தெரிந்த மாதிரி தலையாட்டினார். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ப..."

நின்றது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. முதலில் யாருக்கும் புரியவில்லை, பிறகு எல்லோருக்கும் புரிந்தது. ஓர் அத்தை உதவுவதாக நினைத்து "பல்லவி, பல்லவி" என்று எடுத்துக் கொடுத்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை, எழுந்து நின்றேன், அவ்வளவுதான். பல்லவி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த அத்தையின் பக்கம் கையை நீட்டி, பொறு என்று சைகை காட்டினாள்.

"ப... ப... ப... ப்ப்ப..." அவர் தலை குனியவில்லை. இருமவில்லை. மைக்கைக் கீழே வைக்கவில்லை. "...பல்லவி நிக்கா என் பக்கத்தில்."

என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. கைதட்டல் மட்டும் கூரையைத் தொட்டது. நான் அழுதுவிட்டேன். அம்மாவும் அழுதாள், எதுகைக்காக என்று பிறகு விளக்கம் சொன்னாள்.

சாப்பாட்டு வரிசையில் இருவரும் எங்களிடம் வந்தார்கள். பல்லவிதான் முதலில் பேசினாள். "அப்போ எங்க வீட்டு போஹா அவ்வளவு பிடிச்சுதுன்னு நாங்க நெனச்சதெல்லாம்?"

சந்தோஷ் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"தாயி," என்றார், நிதானமாக முட்டி முட்டி. "அந்த வீட்டுப்பாடத்துக்கு எவ்வளவு மார்க் போட்டாங்க?"

"பத்துக்கு ஒன்பது."

"ரொம்ப அதிகம். நான் மூணுதான் போடுவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ரெண்டு நாள் யோசிச்சேன், எப்படி ஏமாந்தேன்னு. முதல் நாள் பைண்டிங் அட்டையில எழுத உங்க பேரக் கேட்டேன். ஜாஸ்மின்னு ஒரே மூச்சுல சொன்னீங்க. எங்களுக்கு எல்லாத்துக்கும் முன்னாடி மாட்டறது சொந்தப் பேருதான். அங்கயே பிடிச்சிருக்கணும்."

"மன்னிச்சிடுங்க அண்ணா. மருத்துவமனைக்கு வருவீங்களா? என்கிட்ட வேண்டாம், மேடம்கிட்ட."

"வரேன். முதல்ல நீங்க பாஸ் பண்ணுங்க. திங்கக்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்கு வாங்க."

போனேன். பின்னால் ஆட்களை நிற்கவைத்துக்கொண்டு என்னைத் திக்கச் சொன்னார், திருத்தினார், மறுபடி சொல்லச் சொன்னார். மூன்று போட்டார். அடுத்த வாரம் நான்கு. மூன்றாவது வாரம் பெரிய மனது பண்ணி ஐந்து போட்டுப் பாஸாக்கினார்.

அந்த வியாழக்கிழமை சந்தோஷ் எங்கள் மருத்துவமனைக்கு வந்து, ஓ.பி. சீட்டு எடுக்கும் ஜன்னலில் நின்றார். சட்டைப் பையில் பேனா இருந்தது, எடுக்கவில்லை. உள்ளே இருந்தவர் தலை நிமிராமல் பெயரைக் கேட்டார். பின்னால் வரிசையில் பதினான்கு பேர். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துளிகூட அவசரப்படவில்லை.